உடைவு நிலையில் மறைத்தடை: திரான்சிற்றரின் ஓர் இயல்பு குறித்து

அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் நாம் கொதிக்கும் நீரையே நாடுகிறோம். எங்கெல்சு காட்டிய அவ்வெடுத்துக்காட்டில் பிழையில்லை. ஆயினும், பொறிமுறையை விளக்காது விதியை மட்டும் ஒப்புவிக்கும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. உடைவு நிலையிலுள்ள திரான்சிற்றர் அப்பழக்கத்துக்கு இடந்தருவதில்லை.

சாதாரண கடத்தியில் அழுத்தம் கூடினால் மின்னோட்டமும் கூடும். மறைத்தடையுள்ள பகுதியிலோ ஓட்டம் கூடக்கூட அழுத்தம் குறைகிறது. 'மறை' என்னும் அடைமொழி மயக்கந் தரவல்லது. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்துப் பெறும் தடை இங்கும் நேரானதே. மறையாக அமைவது அவற்றின் சிறு மாற்றங்களுக்கிடையிலான விகிதமாகும். ஆகவே இச்சாதனம் சக்தியைப் படைப்பதில்லை.

சிலிக்கன் என்-பி-என் திரான்சிற்றரொன்றின் அடியை இணைக்காது விட்டு, காலியை நேர்முனையிலும் சேகரிப்பானை மறைமுனையிலும், ஓட்டத்தை மட்டுப்படுத்தும் தடையியொன்றினூடாக இணைப்போம். ஏறத்தாழ 6 முதல் 9 வோல்ற்றளவில் காலி-அடிச் சந்தி உடைகிறது. இவ்வுடைவு அழிவன்று. வலிய மின்புலத்தில் விரையும் இலத்திரன், பளிங்கு அணுக்களை மோதிப் புதிய இலத்திரன்-துளைச் சோடிகளைப் பிறப்பிக்கிறது. துளைகள் அடிக்குள் சேர்கின்றன. அவற்றுக்கு வெளியே செல்லக் கம்பியில்லை. எனவே அவை சேகரிப்பான் சந்தியைத் திறந்து, அங்கிருந்து மேலும் இலத்திரன்களை வரவழைக்கின்றன. வந்தவை காலிச் சந்தியை அடைந்து மீண்டும் பெருகுகின்றன. விளைவே தன் காரணத்தை வளர்க்கும் வட்டம் இது.

இவ்வட்டம் தன்னைத்தானே தாங்குவதற்கு, சந்தியின் பெருக்கக் காரணியும் அடியைக் கடந்துசெல்லும் இலத்திரன்களின் பங்கும் பெருக்கப்படும்போது 1 ஆதல் வேண்டும். ஓட்டம் சிறிதாயிருக்கையில் அப்பங்கு 0.2 எனக் கொள்வோம். பெருக்கம் 5 மடங்காதல் அவசியம். ஓட்டம் கூடுகையில், மீள்சேர்க்கையால் இழக்கப்படும் விகிதம் குறைவதால் பங்கு 0.5 ஆகுமாயின், 2 மடங்கே போதும். குறைந்த பெருக்கத்துக்குக் குறைந்த அழுத்தமே தேவை. மறைத்தடையின் இரகசியம் இவ்வளவே. பங்கு ஓட்டத்துடன் உயராது நிலைத்திருப்பின், உடைவு நிகழும், மறைத்தடை தோன்றாது. வெறும் 'பாய்ச்சல்' என்ற சொல் இவ்வேறுபாட்டை ஒருபோதும் காட்டித்தராது.

மறைத்தடை திரான்சிற்றருக்கு மட்டும் உரியதன்று. 1957 இல் எசாக்கி கண்டறிந்த இருவாயியிலும் அது உண்டு. அங்கு காரணம் முற்றிலும் வேறு. அதற்கும் முன்னர், 1922 இல், சோவியத் நாட்டின் ஒலெக் லோசெவ் நாகவொட்சைட்டுப் பளிங்கைக்கொண்டு அலைவுகளை உண்டாக்கினார். எசாக்கிக்கு 1973 இல் நோபல் பரிசு கிடைத்தது. லோசெவ் 1942 இல், லெனின்கிராட் முற்றுகையின்போது, பட்டினியால் மாண்டார்.

மேற்கூறிய திரான்சிற்றருக்குச் சமாந்தரமாகக் கொள்ளளவியொன்றை இணைத்து, 12 வோல்ற்று வழங்கலிலிருந்து தகுந்த தடையியினூடாக ஏற்றினால், அது உடைவு அழுத்தத்தை எட்டியதும் திடீரென இறங்கி மீண்டும் ஏறும். தொடர் அலைவு பிறக்கும். ஆனால் காலிச் சந்தியை நெடுநேரம் உடைவில் வைத்திருந்தால் திரான்சிற்றரின் நயம் படிப்படியாகக் குறைந்துவிடும். இப்பரிசோதனைக்குட்பட்ட உறுப்பை வானொலிப் பெட்டியில் மீளப் பொருத்தாதிருத்தல் நன்று.