உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்க சுதந்திரப் போரின் மறுபக்கம்!

பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, விலை ஏறிப்போன கோபத்தில்தானே? இல்லவே இல்லை! 1773-ல் வந்த சட்டத்தால் தேயிலை விலை குறைந்தது! வயிற்றில் அடி விழுந்தது யாருக்கு? ஹாலந்துத் தேயிலையைக் கடத்தி வந்து காசு பார்த்த வியாபாரிகளுக்கு! வரி மேல் கோபம் இருந்தது நிஜம்தான். ஆனால் கடலுக்குப் போன 342 பெட்டிகளின் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது!

சுதந்திரப் பிரகடனத்தில் ஆகப் பெரிய கையெழுத்து யாருடையது? பாஸ்டன் வணிகர் ஜான் ஹான்காக்! மது கடத்தியதாகச் சொல்லி 1768-லேயே அவருடைய கப்பலைச் சுங்க அதிகாரிகள் பிடித்தார்கள். கப்பலின் பெயர்? 'லிபர்ட்டி'. அதாவது, சுதந்திரம்!

அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது, அது பழங்குடியினரின் பூமி என்று 1763-ல் பிரிட்டிஷ் மன்னர் தடை போட்டார். நான்கே வருடத்தில் ஒருவர் தன் நில அளவையாளருக்குக் கடிதம் எழுதினார். நல்ல நிலமாகப் பார்த்து வை, விஷயம் வெளியே கசியக் கூடாது, கேட்டால் வேட்டைக்குப் போவதாகச் சொல் என்று! எழுதியவர் ஜார்ஜ் வாஷிங்டன்!

எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தன் வாழ்நாளில் வைத்திருந்த அடிமைகள் 600-க்கும் மேல்!

பிரான்ஸ் மன்னர் ஏன் அமெரிக்கர்களின் உதவிக்கு ஓடினார்? பிரிட்டனைப் பழிவாங்க! அந்தச் சண்டை நம்ம கடலூர் வரை வந்தது தெரியுமா? 1783 ஜூன் 20, கடலூருக்கு எதிரே நடுக்கடலில் இரு நாட்டுக் கப்பல்களும் பீரங்கியால் சுட்டுக்கொண்டன. சமாதானக் கையெழுத்தோ ஜனவரியிலேயே முடிந்துவிட்டது! சேதி வந்து சேரத்தான் ஐந்து மாதத்துக்கு மேல்!

வரியை எதிர்த்துப் பிறந்த நாடு, 1791-ல் விஸ்கிக்கு வரி போட்டது. விவசாயிகள் கொதித்தார்கள். 1794-ல் அடக்கப் புறப்பட்ட படை சுமார் 13,000 பேர். கூடவே போனவர் அதே வாஷிங்டன்!

கடைசியாக ஒன்று. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை! கிளர்ச்சி செய்யும் எஜமானரை விட்டு எங்கள் பக்கம் போரிட வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று 1775-ல் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். பிரிட்டனுக்குப் போர் உத்திதான், ஓடியவர்களுக்கோ உயிர்! போர் முடிந்ததும் அவர்களைத் திருப்பித் தாருங்கள் என்று வாஷிங்டனே நேரில் கேட்டார். பிரிட்டிஷ் தளபதி மறுத்துவிட்டார்! 1783-ல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய கறுப்பினத்தவரின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதினார்கள். ஏறத்தாழ 3,000 பெயர்கள். அதில் ஒருவர், வயது 43, ஏழு வருடத்துக்கு முன் ஜெனரல் வாஷிங்டனிடமிருந்து வெளியேறியவர். பெயர்: ஹாரி வாஷிங்டன்!