தங்கத் தகுதி யாருக்குப் பயன்?

அடிக்கடி விமானப் பயணம் செய்பவர்களுக்கான சலுகைத் திட்டங்கள் பல உள்ளன. எதில் சேர்வது? முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நல்லது.

கடன்பற்று அட்டையில் பொருள் வாங்கிச் சேர்க்கும் மைல்களைக் கொண்டு பயணச்சீட்டு பெறலாம். ஆனால் வெள்ளி, தங்கம் போன்ற உயர்தகுதிக்குப் பெரும்பாலும் பறந்து சேர்த்த மைல்களே கணக்கு.

சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தைப் பார்ப்போம். 2024 நிலவரப்படி, 12 மாதங்களில் 25,000 தகுதி மைல் சேர்த்தால் வெள்ளி. 50,000 சேர்த்தால் தங்கம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,800 மைல். போய்வந்தால் 3,600. அப்படியானால் வெள்ளிக்கு 7 தடவை, தங்கத்துக்கு 14 தடவை போய்வர வேண்டும். மலிவுக் கட்டணச் சீட்டுக்கு முழு மைலும் கிடைக்காது. தொடர்ந்து பறக்காவிட்டால் தகுதியும் போய்விடும்.

வெள்ளிக்குக் கிடைப்பது குறைவு: காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை போன்றவைதான். தங்கம் அப்படியல்ல. ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் 2014ல் சேர்ந்த ஏர் இந்தியாவில் பறந்தாலும் ஓய்வுக்கூடம், தனி வரிசை, எடைக் கணக்கில் கூடுதலாக 20 கிலோ ஆகியவை உண்டு.

எனவே வேலை நிமித்தம் மாதந்தோறும் பறப்பவர், தமது தடத்தில் அதிகச் சேவை நடத்தும் கூட்டணியைத் தேர்ந்தெடுத்து, ஒரே திட்டத்தில் மைல்களைச் சேர்ப்பது நல்லது. கோலாலம்பூரில் இருப்பவருக்கு, 2013ல் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்த மலேசியா ஏர்லைன்சின் திட்டம் பொருந்தலாம்.

ஆண்டுக்கு இருமுறை ஊருக்குப் போய்வரும் குடும்பம் தகுதியை நம்பி விலை கூடிய சீட்டு வாங்குவது வீண்செலவு. அந்தப் பணத்தில் தேவையான கூடுதல் சுமைக்குக் கட்டணம் செலுத்திவிடலாம்.