தொப்பம்பட்டித் தோட்டங்களில் பறவைகளின் பருவங்கள்

திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பழனிக்கு வடக்கே இருக்கும் தொப்பம்பட்டி வறண்ட சமவெளி. இங்கே பறவை பார்க்க மலையேற வேண்டியதில்லை. தென்னந்தோப்பு, முருங்கைத் தோட்டம், சோளக்காடு, முள்வேலி, கரண்டுக் கம்பி எல்லாமே பறவைகள் தங்கும் இடங்கள்தாம். தவிட்டுக்குருவிகள் ஆண்டு முழுதும் வேலியடியில் கும்பலாகச் சருகைக் கிளறும். கரிச்சான் மேயும் மாட்டின் முதுகில் ஏறிக்கொண்டு, புல்லிலிருந்து கிளம்பும் பூச்சியைப் பிடிக்கும். மயிலுக்கும் குறைவில்லை. விதைத்ததைக் கொத்தித் தின்றாலும், முருகனின் வாகனமாயிற்றே என்று விவசாயி முழுமனதோடு விரட்ட முடிவதில்லை.

முருங்கை பூக்கும்போது தேன்சிட்டுகளைப் பக்கத்தில் பார்க்கலாம். வெயிலில் கருநீலமாக மின்னும் ஆண் ஊதாத் தேன்சிட்டு, இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளபளப்பை இழந்து பெட்டையைப் போல மங்கிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை இறங்கும் கருங்கோடு மட்டும் மிஞ்சும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை வேறு இனம் என்றே எண்ணிவிடுவார்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கம் ஓயாமல் வீசும். பறவையைப் படமெடுத்தால், கிளை ஆடுவதால் படம் கலங்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் 1000-இல் ஒரு பங்குக்கும் குறைவாக வைப்பது நல்லது. இதே காற்றோடுதான் தூக்கணாங்குருவியும் மல்லுக்கட்டுகிறது. தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் இடங்களில் அதன் கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்திலேயே தொங்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காலை வெயிலும் அந்தப் பக்கமே விழுவதால் தள்ளி நின்று படமெடுப்பவருக்கும் அது வசதி.

கூடு கட்டுவது ஆண்குருவி. தென்னங்கீற்றிலும் சோளத்தோகையிலும் நார் கிழித்து வந்து, முடிச்சுப் போட்டு, முதலில் ஒரு வளையம் பின்னும். அதன்மேல் தலைக்கவசம் போலப் பாதிக்கூடு எழுந்ததும் சிறகடித்துப் பெட்டைகளைக் கூப்பிடும். பெட்டை வந்து பார்த்துப் பிடித்துப்போனால்தான் முட்டையறையும் நீண்ட நுழைவுக் குழாயும் முழுமையாகும். இல்லாவிட்டால் பாதிக்கூடு அப்படியே தொங்கும். ஜோடி சேர்ந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். அடைகாப்பது பெட்டையின் வேலை. உட்புறம் ஒட்டியிருக்கும் ஈரமண்ணில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்பது வெறும் கதை.

புரட்டாசி, ஐப்பசியில் வெளியூர்ப் பறவைகள் வந்துசேரும். இமயமலைப் பக்கத்திலிருந்து வாலாட்டி வரும். தகைவிலான்கள் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்காரும். இரவில் பயணம் செய்யும் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் வீட்டுத் தோட்டத்தில் இறங்குவதுண்டு. விடியலிலும் அந்தியிலும் அதன் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். நடு ஆசியாவில் குஞ்சு பொரித்த சோளக்குருவிகள் குளிர்காலத்தில் கூட்டங்கூட்டமாகத் திரியும். கதிரைத் தின்பதால் கெட்ட பெயர் வாங்கினாலும், வெட்டுக்கிளியையும் அவை ஏராளமாகத் தின்கின்றன. கோடையில் எல்லாம் திரும்பிவிடும்.

படத்துக்குக் காலை 9 மணிக்கு முந்தைய வெளிச்சமே ஏற்றது. பறவையின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, கண்ணில் ஃபோகஸ் வைக்க வேண்டும். கரிச்சானுக்கு எக்ஸ்போஷரைச் சற்றுக் கூட்டவும், கொக்குக்குக் குறைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று வெறும் நிழலாகவும் மற்றது வெறும் வெள்ளையாகவும் விழும். கோடையில் நிழலோரம் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்துத் தள்ளி உட்கார்ந்தாலே சின்னான்களும் மைனாக்களும் குளிக்க வரும். கூட்டருகே படமெடுப்பது மட்டும் கூடாது. மறைத்திருக்கும் கிளையை ஒடித்தால் காக்கை குஞ்சைக் கண்டுபிடித்துவிடும். பல புகைப்படப் போட்டிகள் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலிலோ வயலிலோ குறைந்தது 15 நிமிடம் பார்த்தவற்றை எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். அடையாளத்தில் சந்தேகம் இருந்தால் படத்தையும் சேர்க்கலாம். அதற்குப் படம் அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. அலகும் இறகின் நிறமும் தெரிந்தால் சரி.