இன்ஜினியரா, மேனேஜரா?

"மாமா, இன்ஜினியரிங்கும் பிசினஸ் மேனேஜ்மெண்டும் சேர்ந்த டிகிரி எடுக்கலாமா?"

மெட்ரிகுலேஷன் முடித்த அக்கா மகள் சென்ற வாரம் இப்படிக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருப்பவர். "ரெண்டையும் படிச்சா ரெண்டும் அரைகுறையாத்தான் போகும்."

வானொலியில் மணிக்கணக்கில் பேசுகிற எனக்கு அன்று பதில் வரவில்லை. பிறகு விசாரித்தேன்.

இந்தப் படிப்பில் கணிதம், வெப்ப இயக்கவியல் போன்ற பாடங்களோடு கணக்கியல், நிதி, சந்தைப்படுத்துதல், திட்ட மேலாண்மையும் வரும். சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், பொறியியல் இளங்கலையோடு தொழில்நுட்ப நிர்வாக முதுகலைப் பட்டமும் சேர்ந்தே கிடைக்கிறது.

இரண்டும் எதற்கு? ஒரு தொழிற்சாலை 240,000 வெள்ளிக்கு இயந்திரம் வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எப்படி ஓடும், எவ்வளவு உற்பத்தி தரும் என்று சொல்வது பொறியியல். அதனால் மாதம் 5,000 வெள்ளி மிச்சமானால், போட்ட பணம் திரும்பி வர 4 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்தப் பொருளுக்குச் சந்தையில் தேவை குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பது நிர்வாகம்.

இதைச் சொன்னதும் அத்தான் சற்று நேரம் பேசவில்லை. "எங்க லைன்லயும் ஒரு மிஷின் மூணு வருஷமா துணி மூடித்தான் கிடக்குது" என்றார். உடனே அடுத்த கேள்வியும் வந்தது. "சரி, இதைப் படிச்சா இன்ஜினியர்னு பதிஞ்சுக்க முடியுமா?"

பெற்றோர் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மலேசியாவில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறியியலாளர்கள் வாரியத்தில் பதிய வேண்டும். அதற்குப் பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்ற பட்டம் தேவை. முதலில் பட்டதாரிப் பொறியியலாளர். அனுபவமும் தேர்வும் முடிந்த பிறகே தொழில்முறைப் பொறியியலாளர். மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்பாட்டில் இணைந்ததால், இந்த அங்கீகாரத்திற்கு பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் மதிப்புண்டு.

படிப்பின் பெயரில் 'பொறியியல்' என்ற சொல் இருந்தால் மட்டும் போதாது. 'தொழில்துறை நிர்வாகம்', 'பொறியியல் தொழில்நுட்பம்' என்பவை வேறு பாதைகள். அவையும் நல்ல படிப்புகளே. ஆனால் சேர்ந்த பிறகு இந்த வேறுபாடு தெரியவந்தால் மனம் நொந்துபோகும்.

எனவே விண்ணப்பிக்கும் முன் மூன்றைப் பாருங்கள். அந்தப் படிப்பு மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா? பாடங்களில் எத்தனை பொறியியல், எத்தனை நிர்வாகம்? தொழிற்பயிற்சி எத்தனை மாதம், எங்கே?

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து, மகளின் கைப்பேசியில் அந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் அத்தான்.