கம்பெனிகளின் சமூகக் கடமையும் நமது பஞ்சாயத்தும்

ஊர் எல்லையில் ஆலை நடத்தும் கம்பெனி, பள்ளிக் கட்டிடமோ குடிநீர்த் தொட்டியோ அமைத்துத் தந்தால், அதைத் தருமம் என்றே பலர் கருதுகின்றனர். பெரிய கம்பெனிகளுக்கு அது சட்டம் விதித்த கடமையாகும்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகிய வரம்புகளுள் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைப் பொதுநலப் பணிகளுக்குச் செலவிடல் வேண்டும் என அது வகுத்தது. இந்தியாவில் கிளை வைத்துள்ள அயல்நாட்டுக் கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல.

குடிநீர், கல்வி, சுகாதாரம், கிராம அபிவிருத்தி முதலியன இப்பணிகளுள் அடங்கும். கம்பெனி இயங்கும் வட்டாரத்திற்கு முதலிடம் தருமாறு சட்டம் கூறினும், எவ்வூருக்கு எப்பணி என்பதைக் கம்பெனியின் இயக்குநர் குழுவே முடிவு செய்கிறது. ஆகவே, கேளாதிருக்கும் ஊருக்கு எதுவும் வாராமற் போகலாம்.

ஆலைக் கழிவால் நிலமும் நீரும் கெடாமற் காப்பது வேறொரு கடமை. இப்பணத்தைக் காட்டி அதினின்று தப்ப இயலாது.

கிராம சபையில் தேவைகளை வரிசைப்படுத்தித் தீர்மானம் நிறைவேற்றி, மதிப்பீட்டுடன் கம்பெனிக்கு அனுப்புக. பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையும் முன்னரே எழுத்தில் பெறுக. பழுதான மோட்டாரைச் சீர்செய்ய ஆளில்லையேல், தொட்டி இருந்தும் குடம் நிறையாது.