விருந்தாளிகளின் பிள்ளைகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

கொரோனாத் தடுப்பூசியைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோதுதான் ஊகுர் சாகின் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். பயோன்டெக் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். துருக்கியில் பிறந்து, நான்கு வயதில் ஜெர்மனிக்கு வந்தவர். தந்தையார் கொலோன் நகரில் ஃபோர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் தொழிலாளி. சிறுவனாக இருந்தபோது இவரைக் கடைநிலைப் பள்ளிக்கே ஆசிரியர் பரிந்துரைத்தாராம். பக்கத்து வீட்டு ஜெர்மானியர் ஒருவர் தலையிட்டதால்தான் வழி மாறியதாம். இப்படியும் நடக்குமா என்ற வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. கிழக்கிலிருந்து ஆள் வரத்து நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. வந்தவர்களுக்கு 'விருந்தாளித் தொழிலாளர்' என்று பெயர். நல்ல விருந்துதான்! சுரங்கமும் உருக்காலையும் அவர்களுக்காகக் காத்திருந்தன. புறப்படும் முன் இஸ்தான்புல்லில் ஜெர்மானிய மருத்துவர்கள் பல், இரத்தம், சிறுநீர், நெஞ்சு எனச் சோதித்தார்கள். சந்தையில் மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது என் நினைவுக்கு வந்தது. நோயுள்ளவர்கள் கழிக்கப்பட்டார்கள்.

1973 நவம்பரில் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஊருக்குப் போனால் மறுபடி வரமுடியாது என்று அஞ்சியவர்கள் மனைவி மக்களை அங்கே வரவழைத்துக்கொண்டார்கள். விருந்தாளி குடும்பஸ்தன் ஆனான்.

இங்கேதான் உயிரியல் மாணவர் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. தந்தையர் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள், ஆகவே திடகாத்திரமானவர்கள். பிள்ளைகளை எவரும் பொறுக்கி எடுக்கவில்லை. அவர்களுடைய உடல்நலத்தை வீடும் வருமானமும் உணவும் தீர்மானித்தன. 2003 முதல் 2006 வரை ஜெர்மனியில் 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தார்கள். குடியேறியோர் பிள்ளைகளிடம், குறிப்பாகத் துருக்கியர் பிள்ளைகளிடம், உடற்பருமன் மிகுதியாகக் காணப்பட்டது. இதை இனத்தின் இயல்பு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வருமானமும் கல்வியும் குறைந்த ஜெர்மானியக் குடும்பங்களிலும் பருமன் மிகுதியே. போதாக்குறைக்கு, ஒவ்வாமை நோய்கள் குடியேறியோர் பிள்ளைகளிடம் குறைவாகவே இருந்தன!

இனி வேலை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், அதாவது பத்து வயதில், பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுகிறார்கள். 'கிம்னாசியம்' என்பது பல்கலைக்கழகத்துக்குப் போகும் பாதை. (உடற்பயிற்சிக் கூடம் என்று நானும் முதலில் நினைத்தேன்.) 'ஹவுப்ட்ஷூலெ' என்பது கைத்தொழிலுக்குப் போகும் பாதை. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை பத்து வயதில் எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று சொல்லவேண்டியதில்லை. பத்து வயதில் எனக்கு வகுத்தல் கணக்கு வராது. சொல்லித்தர வீட்டில் படித்தவர் எவரும் இல்லை. அன்றே என்னைத் தரம் பிரித்திருந்தால் இந்த மலரில் என் கட்டுரை வந்திராது.

அங்கேயே பிறந்தாலும் 2000ஆம் ஆண்டு வரை அப்பிள்ளைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. பெற்றோரின் வழியாக மட்டுமே குடியுரிமை வரும் என்பது சட்டம். அவ்வாண்டு முதல், பெற்றோரில் ஒருவர் எட்டாண்டு முறைப்படி வசித்திருந்தால் போதும் என்றாயிற்று. 2024இல் அது ஐந்தாண்டாகக் குறைந்தது.

படித்துத் தேறியவர்களாவது தப்பினார்களா? கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தின் லியோ காஸ், கிறிஸ்டியன் மாங்கர் இருவரும் ஒரு சோதனை செய்து 2010இல் வெளியிட்டார்கள். மாணவர் பயிற்சிப் பணிகளுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள்; பெயர் மட்டும் வேறு. ஜெர்மானியப் பெயருக்கு அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு கூடுதல். சிறு நிறுவனங்களில் 24 விழுக்காடு.

ஆனால், முன்பு வேலை கொடுத்தவரின் நற்சான்றிதழை இணைத்து அனுப்பியபோது அந்த வேறுபாடு மறைந்துபோயிற்றாம். மகிழ்ச்சிதான். ஆனால், அந்த முதல் சான்றிதழைக் கொடுக்கவேண்டிய முதலாளி, சான்றிதழே இல்லாத விண்ணப்பம் ஒன்றை முன்பே பிரித்துப் படித்திருக்கவேண்டுமே!