சாளரமும் திரைச்சீலையும்

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்கள் பல. தொடர்வண்டித் துறை, படைத்துறை, வங்கி முதலியவற்றில் பணிபுரிவோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய குடியிருப்புக்குச் செல்ல நேர்கிறது. அங்குள்ள சுவரின் வண்ணத்தையும் சாளரத்தின் அளவையும் அவர்களால் மாற்ற இயலாது. மாற்றக்கூடியவை சிலவே, அவற்றுள் ஒன்று திரைச்சீலை. வெயிலின் கடுமையைத் தணிப்பதும், கண்கூச்சத்தைக் குறைப்பதும், வீட்டின் உட்புறத்தைப் பிறர் பார்வையிலிருந்து மறைப்பதும் அதன் பணிகள். சிறிய வீடுகளில் வரவேற்பறையே பிள்ளைகளின் படிப்பறையாகவும் இருப்பதால், அதன் திரைச்சீலையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை.

எழினி என்னும் திரை

திரைக்குத் தமிழில் ‘எழினி’ என்ற பழம்பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கில் அமைந்த மூவகை எழினிகளைக் குறிப்பிடுகிறது. ஒருபுறமிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து நடுவில் பொருந்துவது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து கீழே இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைய வீடுகளில் காணப்படும் ஒற்றைத் திரை, இரட்டைத் திரை, சுருட்டி ஏற்றி இறக்கும் திரை ஆகியவையும் ஏறத்தாழ இம்முறைகளிலேயே இயங்குகின்றன.

நடுநிலை நிறங்கள்

வெண்மை, தந்த நிறம், சந்தன நிறம், மணல் நிறம், சாம்பல் நிறம், வெளிர்பழுப்பு ஆகியவற்றை நடுநிலை நிறங்கள் என்பர். சிவப்பு, நீலம், பச்சை போன்ற நிறங்களைப் போல இவை கண்ணைத் தம்பால் ஈர்ப்பதில்லை.

அடர்சிவப்புத் திரையின் வழியே வெயில் புகுந்தால் அறை முழுவதும் சிவந்து தோன்றும். அவ்வொளியில் நூலின் வெண்தாளும் உண்ணும் சோறும்கூடத் தம் இயல்பான நிறத்தில் தோன்றா. வெளிர்நிற மெல்லிய திரையோ எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் கடத்திப் பரப்புகிறது. அதனால் கடும்வெயிலும் மென்மையான ஒளியாகி அறையெங்கும் பரவுகிறது. கொலுப்படிகளிலுள்ள பொம்மைகளோ, பாட்டி தந்த பித்தளைக் குத்துவிளக்கோ அத்தகைய ஒளியில் தம் நிறம் மாறாமல் விளங்கும்.

அருகிலுள்ள நிறத்தின் விளைவு

நடுநிலை நிறம் எந்தச் சுவருக்கும் பொருந்தும் என்று பலர் கருதுகின்றனர். இது முழு உண்மையன்று. பாரிசு நகரின் கோபலென் நெசவாலையில் 1824 முதல் சாயப் பிரிவை மேற்பார்த்த வேதியியல் அறிஞர் ஷெவ்ரல், இதற்கான காரணத்தை விளக்கினார். அங்கு நெய்யப்பட்ட ஓவியத் திரைகளில் கறுப்பு நூல் பொலிவின்றித் தெரிவதாக முறையீடு எழுந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை எனத் தெரிந்தது. கறுப்பை அடுத்திருந்த நீலமும் ஊதாவுமே அதன் தோற்றத்தை மாற்றியிருந்தன. இவ்வாய்வின் முடிவுகளை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார்.

இவ்வுண்மை வீட்டுத் திரைக்கும் பொருந்தும். ஒரே சாம்பல் நிறத் துணி, பச்சைச் சுவரின் அருகே சற்றுச் செம்மை கலந்தும், மஞ்சள் சுவரின் அருகே சற்று நீலம் கலந்தும் தோன்றக்கூடும். ஆதலால் கடையில் கண்ட நிறத்தை மட்டும் நம்பாமல், ஒரு துண்டுத் துணியை வாங்கிவந்து வீட்டுச் சுவரருகே பிடித்துப் பார்க்க வேண்டும். பகலொளியில் ஒருமுறையும் இரவு விளக்கொளியில் ஒருமுறையும் பார்ப்பது நன்று.

சாளரத்தின் திசை

வடக்கு நோக்கிய சாளரத்தில் நேர்வெயில் குறைவு. வரும் ஒளியில் சிறிது நீலச்சாயல் இருக்கும். அங்கே சாம்பல் நிறத் திரை அறையை மேலும் மந்தமாக்கும்; சந்தன நிறமும் தந்த நிறமும் ஏற்றவை. மேற்கு நோக்கிய சாளரத்தில் பிற்பகல் வெயில் கடுமையாக இறங்கும். அங்கே நெருக்கமாக நெய்த வெளிர்சாம்பல் திரை கண்ணுக்கு இதமளிக்கும்.

உள்ளே தொங்கும் திரை வெப்பம் முழுவதையும் தடுப்பதில்லை. கண்ணாடியைக் கடந்த வெப்பத்தின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளிர்நிறத் திரை அதில் ஒரு பகுதியை ஒளியாகவே வெளியே திருப்பி அனுப்பும். வட இந்தியாவில் கோடைக்காலத்தில் சாளரத்தின் வெளிப்புறம் மூங்கில் தட்டியைத் தொங்கவிடுவதும், வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பதும் இக்காரணம் பற்றியே. வெளியே தட்டியும் உள்ளே வெளிர்நிறத் திரையும் அமைந்தால் அறை நன்கு குளிரும்.

துணியும் தையலும்

தறியிலிருந்து இறங்கிய, வெளுக்காத, சாயமேற்றாத பருத்தித் துணியைத் தமிழகத்தில் காடாத்துணி என்பர். வட இந்தியச் சந்தைகளில் அதற்குக் ‘கோரா’ என்று பெயர். அதன் இளமஞ்சள் கலந்த வெண்மை பருத்திக்கே உரிய இயற்கை நிறமாகும். திரைத்துணிகளுக்குக் கரூர், கண்ணூர், பானிப்பட்டு ஆகிய ஊர்கள் பெயர் பெற்றவை.

இடத்திற்கேற்பத் துணியும் வேறுபடும். புழுதி மிகுந்த ஊர்களில் தூய வெண்மையில் அழுக்கு விரைவில் தெரியும்; மணல் நிறம் அதனைத் தாங்கும். மழையும் ஈரமும் மிகுந்த கடற்கரை ஊர்களில் கனமான பருத்தித் திரையில் பூஞ்சணம் படரலாம். விரைவில் உலரும் மெல்லிய துணியே அங்கே சிறந்தது. ஆயினும் மெல்லிய திரை பகலில் மட்டுமே மறைக்கும். இரவில் விளக்கேற்றியபின் அறையிலுள்ளவர் வெளியே உள்ளவர்க்குத் தெளிவாகத் தெரிவர். எனவே மெல்லிய திரையோடு கனமான திரையொன்றும் வேண்டும்.

திரை அழகிய மடிப்புகளுடன் தொங்க, சாளர அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இருமடங்கு வரை துணி தேவை. 4 அடி அகலமுள்ள சாளரத்திற்கு 6 முதல் 8 அடி அகலத் துணி வேண்டும். பருத்தி முதல் சலவையில் சுருங்குமாதலால், தைக்குமுன் நனைத்து உலர்த்திவிட வேண்டும்.

வளரும் சிறுமியின் பாவாடையில் அடிமடிப்பு வைத்துத் தைப்பதைப்போல், திரையின் அடியிலும் 6 அங்குலம் மடித்துத் தைக்கலாம். அடுத்த வீட்டின் சாளரம் உயரமாக இருந்தால் அம்மடிப்பைப் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். அடர்நிறத் துணியில் வெயில் பட்ட பகுதி வெளிறி, பிரித்த இடம் கோடாகத் தெரியும். சாயமேற்றாத துணியில் அக்கோடு அவ்வளவாகத் தெரிவதில்லை. அகலம் போதாதபோது வேறொரு காடாத்துணியை இணைத்தாலும் வேறுபாடு உறுத்தாது.

ஊர் மாறும்போது சுவர்கள் மாறும்; சாளரங்கள் மாறும்; ஒளி வரும் திசையும் மாறும். குடும்பத்தோடு உடன்வரக்கூடிய திரையைத் தேர்ந்தால், புதிய ஊரின் முதல் நாளிலேயே அதனை மாட்டிவிடலாம். அறிமுகமற்ற அறையும் அப்போது தம் வீடாகத் தோன்றத் தொடங்கும்.

பயிற்சி

1. மூவகை எழினிகள் யாவை? அவை இயங்கும் முறையை விளக்குக.
2. வடக்குச் சாளரத்திற்கும் மேற்குச் சாளரத்திற்கும் வெவ்வேறு நிறத் திரைகள் ஏற்றவையாவது ஏன்?
3. உம் வீட்டு வரவேற்பறையின் சாளரம் எத்திசை நோக்கியது? காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளில் அதன்வழி வரும் ஒளியைக் கவனித்து, அதற்கேற்ற திரைச்சீலை எது எனப் பத்து வரிகளில் எழுதுக.
4. உம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, அவர்கள் ஊரில் வழங்கும் துணிவகைகளின் பெயர்கள் ஐந்தினைத் தொகுக்க.